பத்து என்று எழுதுங்கள்

கிடாடோவை விடுங்கள்.
அவன் கத்தி கிளைக்குப் பழகியது,
தண்டுக்கு அல்ல.
அந்த வெட்டுவாயை யாராவது குனிந்து பார்த்தீர்களா?
இடமிருந்து வலமாகச் சரிந்திருக்கிறது.
இந்த ஊரில் இடக்கையால் கோடரி பிடிப்பவள்
நான் ஒருத்திதான்.

எழுதுங்கள், செயலாளர் லவாலி:
ஜுவைரா, சைபுவின் மனைவி,
ஓடைக்கு மேற்கே உள்ள கொல்லை,
மரம் பதினொன்றில் ஒன்றை
வெள்ளிக்கிழமை விடியுமுன் சாய்த்தாள்.

அபராதம் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.
தொகையை முடிவு செய்த கூட்டத்தில்
கை தூக்கியவர்களில் நானும் உண்டு.
அது குறைவு என்று வேறு சொன்னேன்.

முன்பு மரமெல்லாம் அரசாங்கத்துடையது.
மராடியிலிருந்து காக்கி உடுப்பு வந்து
கணக்குக் கேட்கும் என்று
முளை ஒரு முழம் ஏறுமுன்னே அரிந்து எறிந்தோம்.
துடைத்த தட்டுபோலக் கொல்லை கிடந்தால்
உழைப்பாளி என்று பெயர்.
முதல் மழைக்குப் பின்னால் வரும் காற்று
கம்பங்குருத்தை மணலால் அறுத்துவிட்டுப் போகும்.
மறுபடி விதைப்போம். மறுபடி காற்று.
ஓராண்டு நான்கு முறை விதைத்தேன்.
நான்காவதாக மண்ணில் விழுந்தது
பிள்ளைகளின் இராக்கூழுக்கு வைத்திருந்த கம்பு.

பிறகு சட்டம் மாறிற்று என்றார்கள்.
நான் சட்டத்தைப் பார்க்கவில்லை, தூரைப் பார்த்தேன்.
ஒரே தூரில் ஒன்பது முளை.
அந்த ஆண்டு ஐந்தை அறுத்தேன், அடுத்த ஆண்டு மூன்றை.
நிற்பதற்கு ஒன்றைத் தேர்ந்தபோது
நேரானதை விட்டுவிட்டுக் கோணலை வைத்தேன்,
காற்று வரும் பக்கம் அது சாய்ந்திருந்ததால்.
மரமா இது, ஒட்டகக் கழுத்தா என்று சைபு சிரித்தான்.
அப்படித்தான் தொடங்கிற்று,
பதினொன்று வரை.

எல்லாம் காவோ.
ஊரே பச்சை உடுத்தும் மழைமாதத்தில்
இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்,
கம்புக்கு வெயிலை விட்டுக்கொடுத்து.
மற்றவை கருகியபின் தளிர்க்கும்.
நெற்று விழும். ஆடுகளோடு கிடாடோ வருவான்.
அவை என் மண்ணில் புழுக்கை போட்டு உறங்கும்.
நான் கிணற்றுக் கயிற்றை அவனுக்குத் தருவேன்.
எங்களுக்குள் பாக்கி இல்லை.

இந்த ஆண்டு விளைந்ததை நீங்களே பார்த்தீர்கள்,
எண்பத்து மூன்று கட்டு.
களஞ்சியத்தில் ஏற்றி முடித்த இரவு
படுத்த பாயில் ஒரு சத்தம் கேட்டேன்,
எலும்பு முறிவதுபோல.
களஞ்சியத்தின் கால்.
காலியாகவே சுமந்து பழகிய கால்
நிறைவைத் தாங்கவில்லை.

சைபு கானோ சந்தையில் மூட்டை தூக்குகிறான்.
கூப்பிட்டால் கேட்குமா?
கல்லை அண்டக் கொடுத்தேன், உரலைக் கொடுத்தேன்,
கடைசியில் முதுகைக் கொடுத்தேன்.
கரையான் மண்ணில் தானியம் சரிந்துகொண்டே இருந்தது.
உங்களைக் கேட்டிருக்க வேண்டும், ஆம்.
கூட்டம் திங்கட்கிழமை.

மூத்தவளை முட்டுக்கொடுக்க நிறுத்திவிட்டு
விளக்கோடு கொல்லைக்குப் போனேன்.
ஒட்டகக் கழுத்தைக் கடந்தேன்.
அதற்கு அடுத்தது நேராக வளர்ந்திருந்தது.
நேராக இருந்ததே அதற்கு வினையாயிற்று.

இப்போது அது களஞ்சியத்தின் கீழ் நிற்கிறது,
பட்டைகூட உரிக்காமல்.
விளையவைத்த மரமே விளைச்சலைச் சுமக்கிறது என்று
யாரும் பாட்டுக் கட்ட வேண்டாம்.
அது அங்கே நிற்க விரும்பியதாக
எனக்குத் தெரியவில்லை.

அபராதம் கம்பாகவே இருக்கிறது,
இரண்டு கட்டு, வாசலில்.
கிடாடோவிடம் பிடுங்கிய கத்தியைத் திருப்பிக் கொடுங்கள்,
எல்லோரும் பார்க்கக் கொடுங்கள்.

பதினொன்று என்பதை அடித்துவிட்டுப்
பத்து என்று எழுதுங்கள்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.
நேற்று அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தேன்,
விரலில் ஒட்டிற்று.

துளிர்க்குமுன் முள் அடைக்க வேண்டும்.
கிடாடோ,
நாளைக்கு உன் ஆடுகள் எந்த வழி?