காதில் பூ

ஆறு ஏறும் மாதம். இகிட்டோஸ் நகரின்
பெலேன் பகுதியில் வீடுகள் கட்டைகள்மேல் மிதக்கின்றன.
என் மருத்துவ அறைக்குப் படகில்தான் வரமுடியும்.

நெலிடா தப்புயீமா வந்தாள்.
பெக்கெ-பெக்கெ, பெக்கெ-பெக்கெ என்று
தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு போகும் படகின் சொந்தக்காரி.
இடக்காது அடைத்து மூன்று வாரம்.
"வலியில்லை டாக்டர். அரிப்பு.
நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுகிற அரிப்பு."

விளக்குக் குழலை வைத்துப் பார்த்தேன்.
குறும்பி இருக்கவேண்டிய இடத்தில்
நனைந்த செய்தித்தாளாய் ஒரு சாம்பல் வெள்ளை.
அதன்மேல் யாரோ மிளகு தட்டித் தூவியிருந்தார்கள்.
உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துகளுக்கும்
மயிரிழையில் ஒரு காம்பு.
அழகாகத்தான் பூத்திருந்தது, கரும்பூஞ்சை.

எதைப் போட்டுக் குடைந்தாய்?
எதையும் இல்லை என்றாள்.
பிறகு, கொண்டை ஊசி.
பிறகு வெட்கத்தோடு,
ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி அளக்கும் தகடு.

எஞ்சின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றும்.
ஒரு நாளைக்குப் பத்து முறை
மூழ்கி அறுக்கிறாள்.
ஈரம், இருட்டு, உடம்புச் சூடு,
தகடு கீறிய தோல். விதைக்கு வேறென்ன வேண்டும்?
அழுக்கென்று அவள் தோண்டி எறிந்த குறும்பி
புளிப்பேறிய காவல். அது போய்விட்டது.
மிச்சமிருந்த பாக்டீரியாக்களைக்
கடைக்காரன் கொடுத்த சொட்டு மருந்து
மூன்று புட்டியில் துடைத்துவிட்டது.
அவன் உன் காதில் பூச் சுற்றினான் என்று சொல்ல வந்தேன்.
அவனுக்கும் தெரியாது, பாவம்.
பூ மட்டும் நிஜம்.

உறிஞ்சு குழாய் சீறியது.
எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்ததை
அவள் வெகுநேரம் பார்த்தாள்.
சட்டென்று தலையை நிமிர்த்தினாள்:
தகரக் கூரையில் மழை. ஜெனரேட்டர்.
படகுத்துறையில் கடன் கேட்டு வந்த மைத்துனனின் குரல்.

"மூன்று வாரமாய் நல்ல காதைத் தலையணைக்குக் கொடுத்து
நிம்மதியாய்த் தூங்கினேன், டாக்டர்.
அரிப்பு எழுப்பாத நேரமெல்லாம்."

சொட்டு மருந்து, பத்து நாள்.
வாசலின் தடவிய பஞ்சு.
காதை உலர்வாக வைத்துக்கொள் என்றேன்.
சொன்ன பிறகு இருவரும்
சன்னலைப் பார்த்தோம்.
தரைப்பலகைக்கு நாலு விரல் கீழே ஆறு.

கட்டணத்துக்குப் பதில் இரண்டு மீனை வைத்துவிட்டுப் போனாள்.
பெக்கெ-பெக்கெ நடு ஆறு வரை போனது.
அங்கே இருமியது. நின்றது.
விசிறியைச் சுற்றிப் பச்சை.

படகின் விளிம்பில் நின்று
காதுப் பஞ்சை ஒருமுறை அழுத்தினாள்.
என் சன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் குனிந்து
அடுத்தவரின் சீட்டைத் தேடினேன்.
தண்ணீர் ஒருமுறை திறந்து
மூடிக்கொண்டது கேட்டது.