பச்சைக்கு இரண்டு மில்லிமீட்டர்

அங்கோஷே துணைச் சுகாதார நிலையத்தில்
தராசு ஒன்று, நாற்காலி இரண்டு, நான் ஒருத்தி.
குழந்தைகளின் புயத்தைச் சுற்றும் நாடாவில்
சிவப்பு, மஞ்சள், பச்சை.

முவானாஷாவின் மடியில் மகள் சரிந்து கிடந்தாள்.
நாலு வயது. பெயர் கேட்டேன்.
தாய்தான் சொன்னாள்: ஸைனா.
நாடா மஞ்சளில் நின்றது,
சிவப்பை எட்டிப் பார்த்தபடி.

"என்ன கொடுக்கிறாய்?"
"மரவள்ளி மாவுக் களி."
"பருப்பு, கொட்டை ஏதாவது?"

சிரித்துவிட்டாள்.
விரல்களை விரித்துக் காட்டினாள்:
ஓட்டின் எண்ணெய் தின்று கறுத்த நுனிகள்.
வாக்காளர் அட்டைக்கு அழுத்தினால்
ரேகை விழாதாம், வெறும் மைதான்.

"நாளெல்லாம் இந்தக் கையால்தான்
முந்திரி உடைக்கிறேன், சிஸ்டர்.
முழுசு கப்பலுக்கு.
உடைசல் நம்புலாவுக்கு.
வாசலில் வாயைத் திறந்து காட்டிவிட்டு
நான் வீட்டுக்கு."

என் முதுகுக்குப் பின்னால் சுவரொட்டி:
மெக்னீசியம், செம்பு, துத்தநாகம்,
இதயத்துக்கு இதமான கொழுப்பு.
அதில் சிரிக்கும் பிள்ளைக்குக்
கன்னம் இரண்டும் பன்.
நானே ஒட்டியது.
கிழித்துவிடலாம் போலிருந்தது.
கறையான் பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன்.

வீட்டில் மரம் உண்டா என்றேன்.
ஒன்று உண்டு. பூக்கும் முன்பே
அமிஸ்ஸெ கடை அரிசிக்கு அடகு.
"அரைக் கூடையாவது மீட்டுக்கொள்."
சொல்லிவிட்டேன்.
அப்புறம் அரிசிக்கு என்ன செய்வேன் என்று
அவள் கேட்கவில்லை.
அதுதான் இரவெல்லாம் உறுத்தியது.

டிசம்பரில் மீட்டாள்.
எப்படி என்று சொல்லவில்லை,
கழுத்தில் மணிமாலை இல்லை.
ஓட்டைத் தகரத்தில் போட்டுச் சுட்டாளாம்,
சீறும் எண்ணெய்க்கும் கரும்புகைக்கும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
உரலில் இடித்து
மரவள்ளி இலையோடு மட்டாப்பா கிண்டி
தினம் ஒரு கை அளவு.
கடைசி வாரம் அரைக் கை.

மார்ச்சில் மறுபடி வந்தார்கள்.
நாடா பச்சைக்குள் இரண்டு மில்லிமீட்டர்.

முந்திரிதானா?
மலேரியா மாத்திரையும் கொடுத்திருந்தேன்.
கிணற்றுக்கு மூடி போட்டிருந்தார்கள்.
மழையும் ஏமாற்றவில்லை.
என் பதிவேட்டில்
காரணம் எழுதக் கட்டம் கிடையாது.

"உன் பேர்..." என்று வாய் திறந்தேன்.
"ஸைனா! நாலரை வயசு! ஊசி வேண்டாம்!"
பழத்துக்கு வெளியே
தலையை நீட்டும் கொட்டை மாதிரி
கேள்வி முடியுமுன்னே மூன்று பதில்கள்.

முவானாஷா பதறி அவள் வாயைப் பொத்தினாள்,
அந்தக் கறுத்த விரல்களால்.

"விடு" என்றேன்.
"பேசட்டும்."