மேலே இருந்தது அடியில்

பாப்பாக்குடி விலக்கு தாண்டி
வாழை வெட்டி முடிந்த வயலில்
திருச்செங்கோட்டு வண்டி நின்றது.
தண்ணீருக்குத் துளைக்கவில்லை என்றேன்.
ஆவுடைத்தாய் நம்பவில்லை.

முப்பத்தொரு மீட்டர் மண்ணை
உருளை உருளையாய் உருவித்
தகரப் பெட்டிகளில் கிடத்தினேன்.
மேலே நகக்கண்ணில் ஒட்டுகிற களி.
கீழே மணல், கூழாங்கல், திரும்பவும் மணல்.
பதினான்காம் மீட்டர் வரை
லென்ஸுக்குள் சிவக்கச் சிவக்கக் கார்னெட்.
பதினைந்தில் இரண்டே மணி.
அதற்கும் கீழே
ஒன்றுகூட இல்லை.

இரண்டு தடவை சலித்தேன்.
டிரில்லர் செங்கோடன் பீடியை அணைத்துவிட்டு
மூன்றாம் தடவை சலித்துத் தந்தார்.
இல்லை.

"என்னத்தத் தொலச்சிட்டுத் தேடுதிய?"

மேற்கே கை காட்டினேன்.
இடுப்பில் மேகம் சுற்றி நின்றது மலை.
அடியிலிருந்து எதுவோ தள்ளத் தள்ள அது ஏறியது,
ஏற ஏற மழை செதுக்கியது.
உச்சியின் தோல்தான் முதலில் ஆற்றோடு வந்து
இங்கே அடியில் படிந்தது.
கார்னெட், மலையின் வயிற்றுக்குள் வெந்த கல்.
வயிறு வெளியே தெரிந்த பிறகே
அந்த மணி இவ்வளவு தூரம் உருண்டு வரும்.
மலை தலைகீழாக
உங்க வயலுக்குள்ள கிடக்கு அக்கா.

ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.
பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.
உள்ளே அம்பாசமுத்திரத்து அடகுச் சீட்டுகள்.
விரல்விட்டு அடியிலிருந்து உருவினாள்:
கெட்டி வளையல், ஒரு ஜோடி.
நெளி மோதிரம்.
பிள்ளையின் அரைஞாண், வெள்ளி.
எல்லாவற்றுக்கும் மேலே, போன ஆடியில்,
தாலிக்கொடியில் கிடந்த ரெண்டு குண்டு.

"மேல கெடந்தது மொதல்ல போவும்.
இதுக்கா வண்டி, டீசலு?"

செங்கோடன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் நாலு வருஷம் சீட்டே இல்லை.
"அப்ப நல்லா இருந்தியளோ?"
"எங்க? எலி தின்னுட்டு."

இருபத்திரண்டாம் மீட்டரில்
கத்தி வைத்துச் சீவியது போல ஒரு கோடு.
அதற்குக் கீழே அடுக்குகள் ஏழு டிகிரி சாய்ந்திருந்தன.
மேலே மட்டம்.
காலையில் அதன் பக்கத்தில் எழுதியிருந்தேன்:
'மலை அசையாதிருந்த காலம்.'
அடித்தேன்.
'ஆறு தின்ற காலம்' என்று எழுதினேன்.
யோசித்து அதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

எவ்வளவு ஏறியது, எப்போது ஏறியது,
முன்னே பின்னே சொல்லிவிடலாம்.
எது தள்ளியது என்று மணல் சொல்லாது.
சீட்டிலும்
எதற்காக என்று ஒரு கட்டம் கிடையாது.

இருட்டுவதற்குள் பெட்டிகளை ஏற்றினோம்.
வயலுக்கு வாடகை எண்ணூறு, ரசீதோடு கொடுத்தேன்.
ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டாள்.
ரசீதை நாலாய் மடித்து
டப்பாவில்
எல்லாவற்றுக்கும் மேலே வைத்து
மூடினாள்.