குறிப்புக்கு ஒரு விரல் அகலம்

அறிக்கை நாளைக்குப் போகவேண்டும்.
டைக் வீதி முழுக்கக் கரண்ட் இல்லை.
மெழுகுதிரியைச் சிரட்டையில் நட்டு
படிவங்களை விரிக்கிறேன்:
நேரம். ஆள்தொகை. தாமதம். காரணம்.
கடைசியில், குறிப்புக்கு
ஒரு விரல் அகலம் விட்டிருக்கிறார்கள்.

விடியப்புறம் நாலு மணி, பெத்லகேம் வாசல்.
உள்ளங்கைக்குள் ஓர் எண்ணும் கருவி.
சுழற்கதவை ஓர் ஆள் தாண்டினால்
பெருவிரலால் ஒரு சொடுக்கு.
ஏழு மணிக்குள்
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினேழு.
காரணம் என்ற கட்டத்தில்
முதல் நாள் "தெரியாது" என்று எழுதினேன்.
மற்ற நாளெல்லாம்
மேற்படி, மேற்படி, மேற்படி.

விரல் அகலத்துக்குள் அடங்காதவை:
இடுப்புவாரைப் பல்லில் கடித்தபடி
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்து
மறுகை விரல்களைக் கண்ணாடியில் பதித்த கொத்தனார்.
விரல்ரேகை சீமெந்தில் தேய்ந்துபோயிருந்தது,
இயந்திரம் அவரை அவரில்லை என்றது.
கண்ணாடிக்குப் பின்னால் துவக்கோடு ஒரு பெண்பிள்ளை,
என் பெறாமகளின் வயது இருக்கும்,
கொட்டாவியை மறைக்கத் தெரியாதவள்.
பிறகு ஜவ்தத்.
கோப்பி விற்பவன், என்னிடம் காசு வாங்காதவன்.
ஒருநாள் கேட்டான்:
"உங்கள் ஊரிலும் இப்படி வாசல் இருந்ததா?"
இருந்தது.
"அங்கே யார் நின்று எண்ணினார்கள்?"
கோப்பி சுடுகிறது என்று சொல்லித் தப்பினேன்.

அநுராதபுரச் சந்தியில் இப்போது கொத்துரொட்டிக் கடை.
ஆனாலும் அவ்விடத்தில் பஸ் மெதுவானால்
கை தானாகப் பைக்குள் போய்
அட்டையைத் தேடுகிறது.
அப்பா இறங்கி நடப்பார்.
மழையென்றாலும் குடையைச் சுருக்கி,
சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி.
பிள்ளைகள் இறங்கத் தேவையில்லை.
யன்னலோரம் இருந்து பார்ப்பேன்:
அந்த நாற்பது அடிக்கும்
அவர் யாரோ ஒருவருடைய அப்பா.

காலையில் மீன்சந்தை.
சம்பூர் நேசதுரை பாரையின் வாலை வெட்டிக்
காகத்துக்கு எறிந்துகொண்டு கேட்டார்:
"அங்க போய் என்ன செய்தனீங்கள் தங்கச்சி?"
"எண்ணினனான்."
"எண்ணி?"
தராசுமுள் ஆடி நிற்கும்வரை
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.
"ஒன்பது வருஷம் முகாமில கிடந்தம்.
கிழமைக்குக் கிழமை எங்களையும் எண்ணினவங்கள்தான்,
அரிசிக்கு."
எடை போட்டு முடிந்தபின்
ஒரு பிடி சூடையை அள்ளிவைத்துச் சுற்றித் தந்தார்.
எதற்கென்று கேட்கவில்லை.

பின்னேரம் கோட்டை வாசலடியில் நின்றேன்.
அர்ச்சனைத் தட்டுகளோடு சனம் மேலே ஏறியது.
காவலுக்கு நின்ற பெடியனுக்குக் கன்னமெல்லாம் பரு,
யாரையும் மறிக்கவில்லை.
புள்ளிமான்கள் நாலு
காட்போட் பெட்டியொன்றைப் பிய்த்துத் தின்றபடி
அவனைக் கடந்து உள்ளே போயின.
வெறுங்கையில்
பெருவிரல் நாலுதரம் அசைந்தது.

மெழுகு சொட்டி
"தாமதம்" மூடிப்போயிற்று.
சுரண்டினால் தாள் கிழியும், விட்டுவிட்டேன்.
குறிப்பில் எழுதுகிறேன், எழுத்தைப் பொடியாக்கி:
இடுப்புவார் ஒன்று.
குடை ஒன்று, சுருக்கியது.
கோப்பிக்காசு பாக்கி.