மற்றும் 873 பேர்

தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் மிஷினுக்கு முன்கூட்டியே தெரியும்
எந்த வழக்கு எந்தப் பக்கம் சாயுமென்று.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பொன்வயல் பெனிபிட் பண்டு
ஷட்டரை இறக்கிய மூன்றாம் நாள்
மதுரையிலிருந்து வந்து இறங்கியது
ஒரு வக்கீல் கம்பெனி.
நானூற்றுப் பன்னிரண்டு வக்காலத்து, லீகல் சைஸ்.
கல்யாண மண்டபம் பிடித்து
டீயும் கீரை வடையும் கொடுத்து
கையெழுத்து வாங்கினார்கள்.
ஜெயித்தால் நூற்றுக்கு இருபது என்பதை மட்டும்
காதோடு சொன்னார்கள்.

உள்ளூர் சேவுகமூர்த்தி விடுவாரா?
புதுவயல், கண்டனூர், கோட்டையூரென்று
மொபெட்டில் வீடு வீடாய் அலைந்து
இருநூற்றுத் தொண்ணூறு.
டோனர் தீர்ந்து
காரைக்குடிக்கு ஆள் அனுப்பினேன்.

உமையாள் வக்கீல் எடுத்தது ஒன்பது காப்பி.
சில்லறையாக ஒன்பது ரூபாய்.
பாவமாயிருந்தது, இனாமாக ஒன்று சேர்த்தேன்.
"ஒன்பது போதும்" என்று
பத்தாவதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

என்னுடையது எண்பதாயிரம்.
வீட்டுக்காரருக்கே தெரியாத பணம்.
யாருடைய தாளிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

மூன்று வழக்கையும் ஒரே கட்டாகக் கட்டச் சொன்ன நீதிபதி
ஒரு தேரை மூன்று பக்கம் இழுத்தால்
நிலைக்கு வருமா என்று கேட்டாராம்.
மதுரைக்காரர்கள் தங்கள் கட்டை
மேஜைமேல் வைத்தார்கள், பொத்தென்று.
அவர் தலையை எண்ணவில்லை.
"இதில் அதிகம் இழந்தவர் யார்?"

உமையாள் எழுந்தாள்.
பள்ளத்தூர் அரிசி மில் சாத்தையா,
நாற்பத்தொரு லட்சம்.
ஷட்டர் இறங்கிய ராத்திரியே
அவள் தேடிப் போன ஒரே வீடு அது.
மிச்ச எட்டும் அவர் கை காட்டிய ஆட்கள்.

ஆழத்தில் கிடப்பவன்தான்
கயிற்றை விடாமல் பிடிப்பான் என்பது கணக்கு.
சரியான கணக்குதான்.
ஆனாலும் பாருங்கள்,
பறிகொடுப்பதிலும்
பெரிய வீட்டுக்குத்தான் முதல் மரியாதை.

மறுவாரம் உத்தரவு நகலெடுக்க வந்தாள்.
மேலே கொட்டை எழுத்தில்
சாத்தையா மற்றும் 873 பேர்.
கையெழுத்துப் போடாதவர்களும்
அதில் அடக்கமா என்று
பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.
"எல்லாரும்தான்" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே.

கோணலாயிருந்த தாளைத் தள்ளப்போய்
விரல் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது.
பச்சை வெளிச்சம் ஓடி முடிந்தபோது
873 இருந்த இடத்தில்
கறுப்பாக என் கட்டைவிரல்.

அவளுக்கு வேறு எடுத்துக் கொடுத்தேன்.
வீணான தாள்
கல்லாவில் இருக்கிறது.