கணுவில் இருப்பது

லுகன்வில் துறைமுகத்துத் தகரக் கொட்டகையில்
கவா வாங்குகிறவரிடம் எனக்கு வேலை.
எடை போட வேறு ஆள் உண்டு.
நான் கண்ணாடிக் குழாய் பிடிப்பவன்.

மூட்டைக்கு ஒரு சிட்டிகை வேர்த்தூள்,
மேலே கொஞ்சம் அசிட்டோன்,
நகப்பூச்சு அழிக்கிற அதே நாற்றம்.
குலுக்கி, தூள் அடியில் அமரும்வரை
காத்திருக்க வேண்டும்.
மஞ்சள் தெளிந்தால் நல்ல கவா, கப்பலேறும்.
ஆரஞ்சு தெளிந்தால் இருநாள் கவா:
குடித்தவன் நாளை மறுநாளும் எழமாட்டான்.
அதை வெளிநாட்டுக்கு விற்கச் சட்டம் விடாது.

செவ்வாய்க்கிழமை தபிமால் வந்தார்,
பெந்தெகொஸ்ட் தீவிலிருந்து
ஓர் இரவு முழுக்கச் சரக்குப் படகில்,
ஏழு மூட்டைகளோடு.
ஒன்று மஞ்சள். இரண்டு மஞ்சள்.
அவர் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.
(குழாயைப் பார்க்காமலிருக்கப்
பலரும் அப்படிப் பேசுவார்கள்.)

சரிவு நிலம், எரிமலைக் கறுப்பு மண்,
தண்ணீர் நின்றால் வேர் கூழாகிவிடும்.
முதல் வருஷம் வெயில் ஆகாது,
வாழை நிழல் வேண்டும்.
இடையில் சேம்பு போடலாம், கோபித்துக்கொள்ளாது.
இலையைப் பார்த்தால் தெரியும்
மிளகும் வெற்றிலையும் இதற்குப் பங்காளிகள் என்று.
ஆனால் அவற்றைப்போல் எதையும் பற்றி ஏறாது,
தன் காலில் நிற்கும்,
ஆள் உயரம் தாண்டி,
முழங்கால்போல் வீங்கிய கணுக்களோடு.

பூக்கும். காய்க்காது.

விதைத்ததுதான் முளைக்கும் என்பார்கள்.
விதையே இல்லாததற்கு என்ன சொல்வார்கள்?
ஒரு கணு, ஈர மண், ஒரு கை. அவ்வளவுதான்.
எந்தக் காலத்திலோ யாரோ
ஓடத்தில் வைத்துக் கொண்டுவந்த தண்டு
வெட்டி நட்டு, வெட்டி நட்டு,
இன்றுவரை அதே தண்டு.
நாம் மறந்தால் அத்தோடு சரி.

ஐந்தாவது குழாய் ஆரஞ்சு.

பழுத்த பப்பாளியின் உட்சதை.
இன்னொரு குழாயில் மறுபடி செய்தேன்.
மறுபடியும் பப்பாளி.

பேச்சு நின்றது.
"நீல நூலில் தைத்த மூட்டையா?"
ஆமாம்.
விரல் மடக்கி எண்ணினார். நான்கு மடங்கின.

"புயல் போன மறுவாரம்.
தோட்டத்தில் நிமிர்ந்து நின்றது நான் மட்டும்தான்.
மச்சான் ஹுரி ஒரு கட்டுத் தண்டைச் சுமந்துகொண்டு
மலையேறி வந்தான், வாழையிலையில் சுற்றி.
என்ன இனம் என்று கேட்கவில்லை.
கேட்கிற நாளா அது?
பன்றிகளுக்குப் பயந்து ரோலின்
அந்தப் பாத்திக்கு மட்டும் தனி வேலி கட்டினாள்."

நான்கு வருஷம் களையெடுத்த ஒரு மாலைப்பொழுதை
விரலிடுக்கில் பிடித்திருந்தேன்.

சொல்ல வெட்கம்தான்.
குழாயைக் கழுவிவிட்டு
நான்காவது மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை
எடுக்கலாமா என்று என் கை யோசித்தது.
பார்த்துவிட்டார்.
"வேண்டாம் தம்பி. இன்று மஞ்சளாக்குவாய்.
கணு கேட்காது. அடுத்த தடவையும்
அது அதுவாகத்தான் வரும்."

மிச்சம் இரண்டும் மஞ்சள்.
ஆறு மூட்டைக்குப் பணம் எண்ணி வாங்கினார்,
மகளின் பள்ளிக் கட்டணத்தை
வேறு சட்டைப்பையில் வைத்தார்.
பிறகு அந்தக் குழாயைக் கேட்டார்.

"ஹுரியிடம் காட்டிச் சண்டை போடவா?"

"அவன் தோட்டத்திலும் இதுதானே நிற்கும்.
அவனுக்கும் தெரியாது, பாவம்.
இங்கே நல்ல தண்டு எங்கே கிடைக்கும்?
எனக்கு ஒரு கட்டு,
அவனுக்கு ஒரு கட்டு."

சந்தைக்குப் பின்னால் ஒருவர் விற்கிறார்,
விலை கொஞ்சம் அதிகம் என்றேன்.
நீல நூல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
அந்தப் பக்கமே நடந்தார்.

இருட்டியதும் நக்கமாலில் ஒரு சிரட்டை குடித்தேன்.
கழுநீர் நிறம், மண்ணின் கசப்பு.
நாக்கு மரத்தது.
விளக்கைத் தணித்து வைத்திருந்தார்கள்,
யாரும் உரக்கப் பேசவில்லை,
ஒருவர் ஓரமாய்ப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.
என் விரல்களில் மட்டும்
அசிட்டோன் வாசம் போகவே இல்லை.