கம்பம் பதினேழு

துறைமுகத்து இறால் கொட்டகையில்
பனிக்கட்டித் தண்ணீருக்குள்ளிருந்து
கன்னியப்பனின் கைகளை வெளியே எடுத்தது தொழிலாளர் துறை.
ரஹமத்துன்னிசா மேடம் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டார்.
அறிக்கையில் அது இல்லை.

வயசு என்ன என்பதில்தான் எல்லோரும் நின்றுபோனோம்.
"பதினெட்டு முடிஞ்சிடுச்சு, மீசையைப் பாருங்க" என்றார் முதலாளி.
மீசை இருக்கவேண்டிய இடத்தில் இறால் செதில் ஒட்டியிருந்தது.
அரசு மருத்துவமனை எலும்பைப் படமெடுத்து
பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுவில் எங்கோ என்றது.
பள்ளிக்கூடம், எங்கள் பதிவேட்டில் இல்லை என்றது.
ஏட்டு திருவேங்கடம், எந்தப் பிரிவில் எழுத என்று
பேனா மூடியைக் கடித்தபடி என்னைப் பார்த்தார்.

நான் எல்லா மேசைக்கும் போகிறவள்.
எனக்கென்று மேசை கிடையாது.
ஒரு ஸ்கூட்டி, ஒரு ஜோல்னாப் பை,
நேரங்கெட்ட நேரத்திலும் எடுக்கிற ஏழு பேரின் எண்.

பச்சையம்மா முந்திரித் தோப்பிலிருந்து வந்தாள்.
"தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்?
தானே புயல்ல மரமெல்லாம் சாஞ்சு
ஊரே இருட்டாக் கெடந்துச்சே,
ரோட்டு மொனை லைட்டு திரும்ப எரிஞ்ச ராத்திரிதான்
இவன் பொறந்தான்.
அந்த வெளிச்சத்துலதான் கொடியறுத்தாங்க.
எங்க குடிசைக்குக் கரண்டு ஏது?"

நலக் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
நான் மின்வாரியத்துக்கு ஃபோன் போட்டேன்.

மூன்று பேர் கைமாற்றி
நெல்லிக்குப்பத்தில், ஓய்வுபெற்ற வயர்மேன்
சபாநாயகத்திடம் போய் நின்றது அந்த அழைப்பு.
தகரப் பெட்டியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு,
நிமிர்த்திய கம்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.
கம்பம் பதினேழு, தோப்பு முனை.
பிப்ரவரி எட்டு, மாலை ஆறே முக்கால்.
பக்கத்தில் பென்சிலில்:
நேற்று பூசம். ஜோதி பார்க்கப் போக முடியவில்லை.

பதிமூன்று.
பதினாலுக்கு இன்னும் ஐந்து மாதம்.

திருவேங்கடம் பேனாவைத் திறந்தார்.
முன்பே சொன்னேனே என்றார் டாக்டர். சொல்லவில்லை.
'ஒத்துழைத்த துறைகள்' என்ற கட்டத்தில் ஐந்தே கோடு.
சபாநாயகத்தை ஓரத்தில் குறுக்காக எழுதினேன்.

கன்னியப்பனுக்கு இருந்தது ஒரே கேள்வி:
இந்த மாசச் சம்பளம்?
அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.
ரஹமத்துன்னிசா மேடம்
மூடிய கோப்பை மறுபடி திறந்தார்.

இரவு சபாநாயகம் அழைத்தார்.
"பதினேழு இப்ப எரியுதாம்மா?"

போய்ப் பார்த்தேன்.
எரியவில்லை.
காலையில் அதற்கொரு மனு எழுத வேண்டும்.